சீட்டுக்கடியில் நெருப்பு

லிங்கராஜபுரம் மேம்பால ஏற்றத்தில் ருக்குவின் ஆம்னி வேன் மறுபடியும் இருமி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. உள்ளே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே குஷி. பள்ளி மேடத்துக்கு அந்தக் குஷி இல்லை. "தசரா லீவு முடிஞ்சும் இப்படி நின்னா, பசங்களை வேற வேன்ல மாத்திடுவேன் ருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஜீவனஹள்ளியில் அந்த வேனை நம்பித்தான் ருக்கு வீட்டில் உலை கொதிக்கிறது.

"ஸ்பார்க் பிளக் போயிருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன் விக்கி. அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். "இருக்கறதுலயே காஸ்ட்லியா ஒண்ணு வாங்கிப் போடுங்க. கண்ணை மூடிட்டு ஓட்டலாம்." கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று அந்த மகராசனுக்கு யார் சொல்வது?

ருக்கு பழைய பிளக் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கே போனாள். கடைக்காரர் கோவிந்தப்பா அதன் முனையைப் பார்த்ததும், "கேஸ்ல ஓடற வண்டியாம்மா?" என்றார். முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "யாரோ தப்பு பிளக் போட்டிருக்காங்க. கேஸ் சூடு தாங்காம வெந்துபோச்சு பாருங்க."

அவர் இரண்டு புது பிளக்குகளை எடுத்து வைத்தார். பார்வைக்கு ஒரே அச்சு. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு மட்டும் ஒன்றில் நீளம், மற்றதில் குட்டை. நீள மூக்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குட்டை மூக்கு சட்டென்று இறக்கிவிடும். விரல் நீளச் சாமானுக்குள் இத்தனை யோசனையா என்று ருக்கு வாயைப் பிளந்தாள். விக்கி சொன்ன உசத்தி பிளக்கும் நீள மூக்குதான். தன் வண்டிக்குச் சூடு இறங்குவதுதான் முக்கியம் என்று அவள் குட்டை மூக்கிலேயே மூன்று வாங்கிக்கொண்டாள்.

ஆயுத பூஜையன்று அவள் புருஷன் பச்சைமுத்து ஸ்பானர், ஜாக்கி, புது பிளக் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டான். பிறகு பயபக்தியோடு அவனே பிளக்குகளை மாட்டினான். ருக்கு அப்போது சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பூசணி உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று கிளம்பிய வேன், மேம்பால ஏற்றத்தில் பழையபடி இருமியது.

"நான் அப்பவே சொன்னேன்ல? சாவியைக் குடுங்க, வேற பிளக் போட்டுத் தர்றேன்" என்றான் விக்கி. ருக்குவுக்கு அவமானம் தாங்கவில்லை. பெரிய இஞ்சினியர் மாதிரி பொறுக்கியெடுத்து வந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மழை கொட்டியது. கரண்டும் போய்விட்டது. விக்கி சாவி கேட்டு வாசலில் நின்றான். கொடுப்பதற்கு முன் ஒருதடவை பார்த்துவிடலாமே என்று, ஷெட்டு இருட்டில் ருக்கு முன் சீட்டைத் தூக்கினாள். ஆம்னிக்கு இஞ்சின் அங்கேதான் இருக்கிறது. பச்சைமுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, கீழே குந்தி ஆக்ஸிலேட்டரைக் கையால் அழுத்தினான்.

பிளக்கின் ரப்பர் தொப்பிக்கு அடியில் நீல நூல் ஒன்று பளிச்சென்று ஓடி மறைந்தது. மறுபடியும் ஓடியது. பக்கத்துப் பிளக்கிலும் ஓடியது. "அம்மாடியோ!" என்றாள் ருக்கு. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை வருஷமாக இந்தச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறாள்! அடியில் மின்னல் குடியிருப்பது தெரியாமலேயே ஓட்டியிருக்கிறாள். கோயிலில் திரை விலகும்போது குவிவதுபோல் கை தானாகக் குவிந்தது.

"ஆஃப் பண்ணட்டுமா?" என்றான் பச்சைமுத்து.

"இருங்க, இருங்க! இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்."

பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. அந்த நீலம் கண்டபடி ஓடவில்லை. பிளக்கின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பீங்கானில் பூசியிருந்த, மழை ஈரம் ஏறிய சந்தனத்தின் மேலேயே இறங்கி, வெளி இரும்பில் போய் முடிந்தது. உள்ளே போய் கேஸைப் பற்றவைக்க வேண்டிய நெருப்பு, வெளியிலேயே வழி கண்டுபிடித்துக்கொண்டது. அவள் வாங்கிய பிளக்கில் ஒரு குறையும் இல்லை.

கழற்றிக் காட்டியதும் பச்சைமுத்துவின் முகம் செத்துப்போனது. "சாமிக்கு வச்சதாச்சே, எப்படி தொடைக்கறதுன்னு அப்படியே மாட்டிட்டேன்" என்றான்.

வேறொரு நாளாக இருந்தால் ருக்கு அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அன்று அவளுக்குக் கோபமே வரவில்லை. "நீங்க வைக்கலேன்னா நான் இதைப் பார்த்திருப்பேனா?" என்றாள். பீங்கான் பளபளவென்று ஆகும்வரை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், தொப்பிகளின் உட்புறத்தையும் துடைத்தாள். "வேற பிளக் வேணாம் விக்கி. நான் சரியாத்தான் வாங்கியிருக்கேன்."

மறுநாள் காலை வேன் நிறையப் பிள்ளைகள். மேம்பால ஏற்றத்தில் ருக்கு ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். இருமல் இல்லை. வண்டி அலுங்காமல் மேலே ஏறியது. பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கீழே கணக்கில்லாமல் மின்னல் வெட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் இதுகள் உட்கார்ந்து பென்சிலுக்கு அடித்துக்கொள்கின்றன என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளி கேட்டில் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். "நாளைக்கும் இதே டைமுக்கு வந்துடுங்க ருக்கு" என்றார்.

"வந்துடறேன் மேடம்."

பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போயின. ஆம்னியின் சீட் எப்போதும் சுடும். அந்தச் சூட்டை அவள் திட்டாத நாளில்லை. அன்று உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.