ஜானவாச மோட்டார்

கார்த்திகை மாதத்து முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளை கோபு ஊர்வலம் வருவதற்குத் தன் திறந்த மோட்டாரைத் தருவதாகப் பெண்ணின் மாமா, வக்கீல் சடகோபன், நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பராசரன் அதைக் கும்பகோணம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கியதும் அவர் முதலில் விசாரித்தது காப்பியை அல்ல.

"மோட்டார் வந்துடுமோன்னோ?"

மோட்டார் வடக்கு உத்திர வீதியில், சடகோபன் வீட்டு வாசலில் நின்றது. நின்றதுதான் விஷயம். இஞ்சின் தெருவே கேட்கும்படி முழங்கியது. சக்கரம் ஏதோ யோசனையில் இருப்பதுபோல மெல்ல உருண்டு, அதையும் நிறுத்திக்கொண்டது.

பாலக்கரையிலிருந்து மெக்கானிக் கியாசுதீன் ஜட்காவில் வந்து இறங்கினார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு.

"பிரேக் ஒட்டிக்கிச்சு சாமி. வேற ஒண்ணுமில்ல."

பிரேக்கைத் தளர்த்தினார். வண்டி நகரவில்லை.

"அப்ப வேற ஒண்ணு இருக்கு" என்று கொஞ்சமும் கூச்சப்படாமல் அடுத்ததற்குப் போனார்.

கைப்பிரேக்கை இறுக்கி, டாப் கியரில் போட்டு, கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்தார். "இப்ப இஞ்சின் திணறி நின்னுரணும்."

நிற்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. கிளட்ச் வழுக்குது."

இஞ்சினை அணைத்துவிட்டு, காலடிப் பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். கிளட்ச்சின் கூம்பைச் சுற்றிப் பொருத்தியிருந்த தோல் பளபளத்தது. விரலை முகர்ந்தார்.

"சாமி, இது மோட்டார் எண்ணெய் இல்ல. நல்லெண்ணெய்."

சடகோபன் தெருக்கோடியைப் பார்த்தார். அவர் மனைவி ரங்கம்மா உள்ளிருந்தே சாட்சி சொன்னாள்.

"தீபாவளிக்கு அவர்தான் வச்சார். ஆத்துல எல்லாருக்கும் எண்ணெய் ஸ்நானம், மோட்டார் மட்டும் என்ன பாவம் பண்ணித்துன்னு பலகையைத் தூக்கி ஒரு கிண்டி நிறைய எண்ணெயை விட்டார்."

"சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு..."

"ஒரு கிண்டி."

"சீயக்காய் தேச்சீங்களா?" என்று கியாசுதீன் மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தும், தோல் குடித்திருந்த எண்ணெய் மறுபடி மறுபடி கசிந்தது.

"முல்தானி மண்ணு தூவணும், எண்ணெயை உறிஞ்சிக்கும். கையில இல்ல. டவுனுக்குப் போய் வாங்கிட்டு வரதுக்குள்ள உங்க மாப்பிள்ளை தாலியே கட்டிடுவாரு. வெள்ளையா, நைசா, வேற ஏதாச்சும் மண்ணு இருக்கா?"

ரங்கம்மா வாசலுக்கு வந்து கணவரின் நெற்றியைப் பார்த்தாள். கியாசுதீனும் பார்த்தார்.

"கூடாது!" சடகோபன் இரண்டு கையாலும் நாமத்தை மறைத்துக்கொண்டார். "திருமண்ணைத் தோல்ல பூசறதாவது! அதுவும் மாட்டுத் தோல்!"

"கோயில் ஆனைக்குப் பூசறேளே, அது என்ன பட்டு வஸ்திரமா?"

"ஆனை பெருமாளுக்குக் கைங்கரியம் பண்றதுடி."

"இது மாப்பிள்ளைக்குப் பண்ணப்போறது. வேண்டாம்னா சம்பந்திகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ."

சடகோபன் உள்ளே போய்த் திருமண் பெட்டியை எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். ரங்கம்மா கட்டிகளைப் பொடித்துக் கொடுத்தாள்.

கியாசுதீன் பொடியைக் கையில் அள்ளி ஒரு கணம் நிறுத்தினார். "வடகலையா, தென்கலையா சாமி?"

"பேசாம தூவும் ஐயா!"

தூவினார். தாராளமாகவே தூவிவிட்டார். வழுக்கிய கிளட்ச் இப்போது வெடுக்கென்று கவ்வ ஆரம்பித்தது.

சாயங்காலம் காஸ் விளக்குகளுக்கும் மேளத்துக்கும் பின்னால் சடகோபன் மோட்டாரை எடுத்தார். மிதியிலிருந்து கால் கொஞ்சம் எழும்பியதுதான் தாமதம், வண்டி கன்றுக்குட்டிபோல ஒரு துள்ளு துள்ளியது. நாயனக்காரர் ராகத்தைப் பாதியில் விட்டு ஓரம் கட்டினார். மாப்பிள்ளையின் தலைப்பாகை பின்னால் நடந்தவர் கையில் விழுந்தது. அடுத்த துள்ளலில், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பராசரன் முன்பக்கம் சரிந்து, நெற்றி நாமத்தைச் சடகோபன் முதுகில் பதித்தார்.

"நிறுத்துங்கோ. எனக்கு நடந்துதான் பழக்கம்" என்று இறங்கிக்கொண்டார். "நீயும் இறங்குடா."

கோபு இறங்கவில்லை. காலையிலிருந்து பொம்மைபோல இருந்தவன், முன் இருக்கையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சடகோபன் காதருகே குனிந்தான்.

"நீங்க எடுங்கோ மாமா. கொஞ்சம் போய், இன்னொரு தடவை நிறுத்தி எடுங்கோ."