ஒருநாள் விட்டு ஒருநாள்

கித்தேரியம்மாள் நின்ற வாக்கிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். கை இஸ்திரிப் பெட்டியை விடவில்லை. புகை நெடி ஏறி விழித்துப் பார்த்தபோது, ஏதோ ஒரு பையனின் பச்சைக் கோட்டு முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே கருகியிருந்தது. அந்த வருஷத்தில் இது மூன்றாவது.

அட்டுவம்பட்டிப் பக்கத்துப் பள்ளி விடுதியின் சலவை அறையில் அவளுக்கு அது ஒன்பதாவது வருஷம். மேட்ரன் கத்தவில்லை. கோட்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, டாக்டரைப் பார், குணமானால் இரு, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோய் என்று சொல்ல அவளுக்கே கூச்சம். வலியில்லை, வீக்கமில்லை. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊரும். உதறினால் நிற்கும், ஓய்ந்தால் மறுபடி ஊரும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். சலவை அறைப் பெண்கள் அவளுக்கு 'டான்ஸ் டீச்சர்' என்று பேர் வைத்திருந்தார்கள். பிரசங்க நேரம் முழுக்க உட்காராமல் கடைசியில் நிற்கிறாளே என்று பங்குச்சாமியார் ஒருமுறை அவள் பக்தியை மெச்சினார்.

மதுரையிலிருந்து பள்ளி மருந்தகத்துக்கு வந்துபோகும் டாக்டர் ஜெபதுரைதான் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள். இந்த நோய்க்குப் பேர் உண்டு என்றார். கைநடுக்கக்காரர்களுக்குத் தரும் மாத்திரையை இப்போது இதற்கும் கொடுத்துப் பார்க்கிறார்களாம். இரவுக்கு ஒன்றாகப் பதினாலு கொடுத்தார். எத்தனை ராத்திரி தூங்கினாள் என்று வந்து சொல்ல வேண்டும். பலித்தால் தொடர்ந்து கொடுக்க, ஒரு பெரிய சீசாவைக் கம்பவுண்டர் மரியசெல்வத்திடம் வைத்துவிட்டுப் போனார்.

அன்று அவள் தூங்கினாள். காலையில் கதவைத் தட்டியது கூலிக் குடியிருப்பில் பக்கத்து லயத்து வீரம்மா.

"ராத்திரி ஒன்னயக் காணமே அக்கா. மேலுக்கு முடியலையோன்னு பயந்துட்டேன்."

"தூங்கிட்டேன்டி" என்றாள் கித்தேரியம்மாள், திருடி அகப்பட்டவள் மாதிரி.

வீரம்மாவுக்கும் அதே கால்தான். ராத்திரியில் இருவரும் ஒன்றாகத்தான் லயத்து வாசலில் நடப்பார்கள். வீரம்மா உருளைக்கிழங்குக் காட்டில் கூலி. பள்ளி வேலையாட்களுக்கு மட்டுமான மருந்தகச் சீட்டு அவளுக்குக் கிடையாது. சிலோன் தோட்டத்திலிருந்து இருவரும் ஒரே கப்பலில் திரும்பியவர்கள். மண்டபம் முகாமில் கிடைத்த ஒற்றைக் கம்பளியை அன்றே இரண்டாகக் கிழித்துக்கொண்டார்கள். அதன்பிறகு கோதுமையானாலும் பால்பவுடரானாலும் எது வந்தாலும் பாதி பாதிதான். கித்தேரியம்மாள் யோசிக்கவே இல்லை. பொட்டலத்தை எடுத்து வந்து ஒரு மாத்திரையை வீரம்மா உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னைக்கு நீ போட்டுக்க. நாளைக்கு நான்."

பதினைந்தாம் நாள் டாக்டர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏழு ராத்திரி நல்லாத் தூங்கினேனுங்க."

"மிச்சம் ஏழு?"

"நடந்தேனுங்க."

"மாத்திரைய விடாம சாப்பிட்டீங்கல்ல?"

மரியசெல்வம் மருந்து அலமாரியிலிருந்து திரும்பிப் பார்த்தார். இருமல் மருந்தைத் தங்கைக்குக் கொடுத்தாள் என்று சமையல்கட்டுப் பெருமாயியின் சீட்டைக் கிழித்தவர் அவர்.

"சாப்பிட்டேனுங்க."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. பாதி நாள் தூக்கம் மருந்தே இல்லாமலும் வரும், இதை நம்பி மேலே கொடுக்க முடியாது என்று சொல்லி எழுதிக்கொண்டார். எந்தெந்த ராத்திரி என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே உளறியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வெளியே அடுத்த ஆள் இருமிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீரம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நான்தான் புடுங்கித் தின்னேன்னு சொல்லியிருக்கலாம்ல அக்கா."

"சொன்னா சீட்டக் கிழிச்சிருவாங்கடி."

"இப்ப மட்டும் என்ன கெடைச்சிருச்சு?"

மறுவாரமே டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கித்தேரியம்மாள் நினைத்தாள். அவர் வந்தார், போனார். இரண்டு முறையும் அவள் மருந்தக வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை வேறு டாக்டர் வந்தார்.

அதற்குள் சலவை அறைக்குப் புது ஆள் வந்துவிட்டாள். மேட்ரன் கொடுமைக்காரி அல்ல, கித்தேரியம்மாளைத் துரத்தவில்லை. மாதச் சம்பளத்தை நிறுத்தி, தினக்கூலிக்கு மருந்தகத்தைக் கூட்டச் சொன்னாள். நடந்துகொண்டே செய்கிற சோலி, தூக்கம் வராது என்றாள்.

கோடை சீசன் தொடங்குமுன் மரியசெல்வம் அலமாரியை ஒழித்தார். தேதி முடிந்த மருந்துகளைக் கூடையில் போட்டு அவள் தலையில் ஏற்றிவிட்டு, கூடவே பின்பக்கக் குழிவரை வந்தார். தீ பிடித்ததும் பழைய பஞ்சு, களிம்பு, பொடி எல்லாம் விழுந்தன. கடைசியாக அந்தப் பெரிய சீசா. மூடியின் முத்திரைகூட உடையவில்லை.

"இது என்ன மருந்துங்க?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"ஒனக்குக் கேக்காத மருந்துதான்."

அவர் முத்திரையைக் கிழித்துக் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள் கொட்டிக்கொண்டே இருந்தன. நெருப்பு அமுங்கிப் புகைந்தது.

"அடியில கெடக்குறதையும் கிளறி விடு. ஒண்ணு மிஞ்சக்கூடாது. வெரசா."

அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கித்தேரியம்மாள் குச்சியை எடுத்தாள். வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்று, கருகாத மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தீக்குள் தள்ளினாள்.