சொடக்குப் போடும் மந்திரவாதி

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை என் வீட்டில் நடந்ததல்ல என்றுதான் முதலில் எழுதினேன். படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன். இருந்தாலும் கௌரவம் கருதி இனி 'அவர்' என்றே எழுதுகிறேன்.

2

சர்வ வல்லமை பொருந்திய ஒருவர் முன்னொரு... (வேண்டாம், பீடிகை.)

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் அவரைத் திட்டுவார்கள். ஏழாம் நாள் மத்தியானம் அவர் மந்திரவாதி. தையல் கடை மாடியில் நான்கு பேர் கூடி வாயாலேயே கதை கட்டும் விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் பாத்திரம் செய்வதை அவரவர் மட்டுமே சொல்லலாம். நடத்துபவர் டெய்லர்.

அவருடைய மச்சினி பல் டாக்டரிடம் நர்ஸ். விளையாட்டில் பூட்டுத் திறப்பவள். மூன்று வாரம் துப்புத் துலக்கி, அன்றுதான் பூதம் காக்கும் கோட்டைக் கதவருகே வந்திருந்தாள்.

"கம்பிய மெதுவா உள்ள விடறேன்..."

"சொடக்குப் போட்டேன். கதவு திறந்தாச்சு, பூதமும் செத்தாச்சு" என்றார் அவர். "நீ சந்தோஷத்துல என் கால்ல விழுந்துட்ட."

"நான் விழல மாமா."

"அதான் விழுந்துட்டன்னு சொல்லிட்டேன்ல?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

3

"உங்க மந்திரவாதிக்கு ஒரு ஜலதோஷம்கூட வராதா?" என்றாள் மனைவி. "அவ இனிமே வரமாட்டாளாம். அம்மா போனதுக்கப்புறம் அவ வாய்விட்டுச் சிரிக்கிறதே அங்கதான்."

அவருக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டு, கெஞ்சி, வரவழைத்தார். மந்திரவாதியையும் திருத்தினார்: ஒரு சாபம், இரண்டு துரோகம், மூட்டுவலி. மந்திரம் போட்டால் ஒரு நாள் பேச்சு போய்விடும் என்று புது விதி வைத்தார். அந்தச் சோகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.*

"அண்ணே, பலசாலியா இருந்தப்பவும் நீங்கதான் பேசுனீங்க, இப்பவும் நீங்கதானா?" என்றார் டெய்லர்.

மச்சினி கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை.

(*பலசாலியைவிட ஆபத்தானவன் அழுகிற பலசாலி. எழுத்தாளர்களும் இதே ரகம்.)

4

அடுத்த வாரம் கதையில் ஆறு பெருக்கெடுத்தது. மதகு பூட்டிக்கிடந்தது. ஊர் மூழ்கப்போகிறது.

"மந்திரவாதி என்ன பண்றார்?"

ஆற்றையே வற்றவைக்கும் மந்திரம் அவரிடம் இருந்தது. விரல்கள் துறுதுறுத்தன. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணிய ஒரு நிமிஷம் பிடிச்சு வெக்கிறேன். அதுக்கு மேல தாங்காது." மச்சினி பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணப்போற?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அது அவருக்கு ஆற்றைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

5

முடிவு ஒன்று: அவள் மதகைத் திறந்து ஊரைக்...

முடிவு இரண்டு: கம்பி உடைந்து, அவள் மந்திரவாதியிடம் உத...

இவ்வளவுதான் எழுதியிருந்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மச்சினி, "நான் பண்ணத நானே சொல்லிக்கிறேன். நீங்க கை வைக்காதீங்க மாமா" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். யோசிக்கிறாள் போலிருக்கிறது.

அவள் வரும்வரை நீங்கள் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருங்கள்.