யோகராஜ் வீட்டுக் குழாயின் அளவு

தெரணியகலை டவுனில் யோகராஜ் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினிக் குழாய், ஒரு நாளைக்கு நான்கு தடவை தன் வாயின் அளவை மாற்றிக்கொண்டது. விடியற்காலையில் சுண்டுவிரல் நுழையாது. பத்து மணிக்கு அரை அங்குலம். மத்தியானம் மழை இறங்கினால் முழுச் சிரட்டையே உள்ளே போகிற அளவுக்கு அகலும், பொழுது சாய மறுபடி சுருங்கும். எஸ்டேட் பங்களாவை இடித்தபோது ஏலத்தில் வந்த பித்தளைச் சாமான் அது. துரைமார் வீட்டில் வளர்ந்தது, கொழுப்பு இருக்கத்தான் செய்யும் என்று டவுனில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கார நிரோஷா நோனா சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: குழாயை வெட்டினாலோ மாற்றினாலோ அன்றைக்கே வீட்டைக் காலி பண்ண வேண்டும். யோகராஜும் மனைவியும் சரி என்று தலையாட்டினார்கள். எந்த அளவு வாயானாலும் வாளி நிரம்பிக்கொண்டுதான் இருந்தது, அப்புறம் என்ன!

வினை இந்த வருஷத்து மழையோடு வந்தது. மேலே மலை சரிந்து, தண்ணீர் வரும் ஓடையில் மண் இறங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரைக் கிளாசில் பிடித்து நீட்டினால் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி என்று நம்பி விருந்தாளி குடித்துவிடுவான், அப்படி ஒரு நிறம். யோகராஜின் மகள் தனுஜாவுக்கு எட்டு மாதம். வயிற்றோட்டத்தோடு மூன்றாவது தடவையாக இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுகிறோம், வடிகட்டி, கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும்தான், இன்னொரு தடவை இப்படி வந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் தாய் விஜயகலாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். விஜயகலா ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு. வீட்டில் யோகராஜும், கட்டாரிலிருந்து மச்சான் இந்திரகுமார் அனுப்பிய ஃபில்டரும். வெள்ளை வெளேரென்று அருமையான ஃபில்டர். குழாய் வாயில் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதன் பூட்டுக்கு ஒரே ஒரு அளவு.

திங்கட்கிழமை ரஸாக் நானாவின் ஹாட்வெயாரிலிருந்து வாங்கி வந்த இணைப்பு பத்து மணிக்குப் பூட்டியபோது அச்சாகப் பொருந்தியது. யோகராஜ் கைதட்டினான். மத்தியானம் குழாய் வாயைப் பிளந்தது, இணைப்பு வெடித்துத் தெறித்து ஜன்னல் வழியே ரோட்டுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை பெரியதாக ஒன்று. அது சாயந்தரம் வளையல் மாதிரிக் கழன்று விழுந்தது. புதன்கிழமை ரஸாக் நானாவே அளவுகோலோடு வந்துவிட்டார். பின்னாலேயே அரைவாசி டவுனும் வந்தது. அவர் அளந்து, எழுதி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் அளவு மாறிவிடும். கூட்டம் ஹோவென்று கத்தும். கடைசியில் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் தொப்பியையும் நனைத்துவிட்டது. "தம்பி, முப்பது வருஷமா கடை நடத்துறன். இப்படியொரு வாய நான் கண்டதே இல்ல," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை சாயந்தரம் விஜயகலா போனில் கூப்பிட்டாள். எந்தெந்த இணைப்பு, எந்தெந்த ரப்பர் வாஷர் பொருந்தவில்லை என்று யோகராஜ் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பதினோரு வருஷம் ரப்பர் பால் வெட்டுன மனுஷன், கடையில போயி ரப்பர் வாஷர் தேடுறீங்களே! வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

யோகராஜ் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே சிரித்துவிட்டான். குடியிருந்த தோட்டத்து லயம் மண்சரிவு ஆபத்தில் இருக்கிறதென்று இறக்கிவிட்ட பிறகு டவுனுக்கு வந்து த்ரீவீல் ஓட்டுகிறவன் அவன். இரண்டே வருஷத்தில் பட்டணத்து மூளை வந்துவிட்டதே என்று தன்னையே ஏசிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது த்ரீவீலை மலைக்கு ஏற்றினான். கூட வேலை செய்த அழகமுத்து தன் சொந்தத் தோட்டத்து ரப்பர் மரங்களில் வெட்டி, நான்கு சிரட்டை பாலைக் கேனில் ஊற்றிக் கொடுத்தான். பால் உறைவதற்குள் பறந்து வந்தான் யோகராஜ். சுருங்கியிருக்கும்போது பூசினால்தான் ரப்பர் பிறகு இழுபடும், ஆகவே பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். குழாய் வாயில் ஒன்று, ஃபில்டர் கழுத்தில் ஒன்று, இரண்டையும் சேர்த்து இன்னொன்று என்று பூச்சுப் பூச்சாக ஏற்றினான். பக்கத்து வீட்டு ஷாமிளா சுளகால் விசிறினாள். ரஸாக் நானா பேப்பரால் விசிறினார். "காயுது, காயுது, அடுத்தத பூசுங்க!" என்று வாசலிலிருந்து யார் யாரோ கத்தினார்கள். ஏழாவது பூச்சு காய்ந்தபோது மணி பத்துக்கு ஐந்து நிமிஷம்.

பத்துக்குக் குழாயின் வாய் அகன்றது. ரப்பர் இழுபட்டது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மத்தியானம் மழை கொட்டியது. வாய் அகன்றது, அகன்றது, இன்னும் அகன்றது. ரப்பர் பணியாரம் மாதிரி உப்பி, மெல்லிசாகி, வெளிச்சம் தெரியும்வரை போய், நின்றது. ஃபில்டரின் மறுபக்கத்தில் கண்ணாடியாகத் தண்ணீர் விழுந்தது. ரப்பர் வாடை போக இரண்டு வாளி கொட்டிவிட்டு, மூன்றாவதில் யோகராஜ் தன் கையைப் போட்டுப் பார்த்தான். ரேகை எல்லாம் தெரிந்தது. அந்த ஆம்பிளை அத்தனை பேர் முன்னாலும் அழுதான்.

விஜயகலா பிள்ளையோடு பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்தபடி வந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, பால்மாவு கரைத்துப் பிள்ளையின் வாயில் போத்தலை வைத்தாள். தனுஜா நான்கு அவுன்ஸையும் இழுத்துக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று வீடே அதிரக் கத்தினாள். அடுத்த மாதம் வந்த நிரோஷா நோனா குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வெட்டவும் இல்லை மாற்றவும் இல்லை என்று ஒத்துக்கொண்டு, ஒரு போத்தல் தண்ணீரும் பிடித்துப் போனாள். பிள்ளை பிறகு வயிற்றோட்டம் என்று ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. இப்போது தவழ்ந்து குசினிக்கே வந்துவிடுகிறாள். மழை இறங்கும் நேரம் குழாய் வாயைத் திறக்க, அதைப் பார்த்து அவளும் திறக்கிறாள். விஜயகலா முதலில் மகளின் வாயைத் துடைக்கிறாள், பிறகு குழாயின் வாயை, அப்புறம் அரிசி களையப் போகிறாள்.