கணவரின் கடைசி மதிப்பு

தேய்மானக் கணக்குக்கு இயந்திரம் கிடைக்காத வருடங்களில், தேர்வுக்குக் கணவரை அழைத்து வரச் சொல்வார்கள். நானும் அழைத்துப் போனேன்.

இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். அதன் முதுகில் சுண்ணக்கட்டியால் ‘இயந்திரம்’ என்று எழுதி, என் மேசைக்கு எதிரே நிறுத்தினார்கள்.

கணக்கு சுலபம்தான், கண்ணுகளா. வாங்கிய விலையிலிருந்து கடைசியில் தேறும் மதிப்பைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை ஆயுளால் வகுக்க வேண்டும். வருவதை வருடா வருடம் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

வாங்கிய விலை எனக்கே தெரியும். என் அப்பா கொடுத்தது. ஆயுளைத் தாளில் அச்சடித்திருந்தார்கள். கடைசி மதிப்பைத்தான் காணோம்.

“என்னங்க, கடைசியில நீங்க எவ்வளவு தேறுவீங்க?”

“என்னைக் கேட்டா? எழுது புள்ள, மணியாவுது.”

பூஜ்யம் போட்டேன். வகுக்க வாகாக இருந்தது. இந்தத் தாளில் நான் ஏற்கெனவே தவறியவள்.

எழுத எழுத இவர் குறைந்தார். முதலில் செருப்பு பெரிதானது. அப்புறம் சட்டை.

பக்கத்து மேசைப் பங்கஜவல்லி எட்டிப் பார்த்தாள். அவள் கணவர் இடுப்புயரத்தோடு நின்றுவிட்டிருந்தார்.

“பூஜ்யமா போட்டீங்க, அக்கா? எங்க வீட்டுக்காரருக்கே நான் எட்டாயிரம் வச்சிருக்கேன். அவரு குடிக்கிறவரு.”

தாளை முழங்கையால் மறைத்தேன்.

கடைசி வருடம் வந்தபோது தரையில் சட்டை மட்டும் கிடந்தது.

“விடை சரியா வந்துச்சா?” என்று காலருக்குள்ளிருந்து கேட்டார்.

“வந்துச்சுங்க.”

“அப்ப சரி.”

செலின் டீச்சர் வந்து தாளைத் திருத்தினார். முழு மார்க். எல்லோரும் கை தட்டினார்கள். சட்டைக்குள்ளும் ஒருவர் தட்டினார்.

என் காது மடல் எரிந்தது. ரப்பரை எடுத்தேன்.

“அழிக்கக் கூடாதும்மா. கணக்குல எழுதினது எழுதினதுதான். வேணும்னா கீழ இன்னொரு வரி சேருங்க.”

“ஆள் திரும்பி வரணும், டீச்சர்.”

“இன்னும் ஓடுற இயந்திரம்னா ஒரு ரூபாய் போட்டு ஏட்டுல வச்சுக்கலாம். வழக்கம்தான்.”

“ஒரு ரூபாய்தானா?”

“அதுக்கு மேல போட்டா ரெண்டு மார்க் குறையும்.”

யோசித்தேன். நான் யோசித்ததைக் கூடம் முழுக்கப் பார்த்தது.

ஒரு ரூபாய் எழுதினேன்.

சட்டை அசைந்தது. இவர் வெளியே வந்தார். கட்டைவிரல் உயரம் இருந்தார். சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பையிலிருந்து தலையை நீட்டி, முன் சீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“நான் ஒரு ரூவாய்க்குத் தேறியிருக்கேங்க. போட்டது எங்க வீட்டம்மா. முழு மார்க்கு!”

முன் சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கண்டக்டர் வந்தார்.

“பதினோரு ரூவா. ஒரு ரூவா சில்லறையா குடுங்கம்மா.”

பையின் கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.

“சில்லறை இல்லீங்க.”

“இருக்கு, இருக்கு,” என்று உள்ளேயிருந்து சந்தோஷமாகச் சொன்னார் இவர்.