மார்லிஸின் பாதி

வருமான வரி: பூஜ்யம். அதற்குக் கீழே, கட்ட வேண்டியது 1,978 டாலர். கெண்ட்ரா போனை அணைத்துத் திறந்தாலும் கணக்கு மாறவில்லை. நாளையோடு வரி கட்டும் கெடு முடிகிறது. கையில் இருப்பது ஆயிரத்து நூறு. மீதிக்குக் காரை விற்க வேண்டும். கார் போனால் அமெரிக்காவின் டுலூத் நகர மேட்டில் இருக்கும் இந்த நாய்க்குளியல் கடைக்கு அவளால் வந்து சேர முடியாது.

"பதினாலாயிரம் சம்பாதிச்சவளுக்கு வரியே கிடையாதுன்னாங்களே!"

"வருமான வரிதான் கிடையாது." பக்கத்து மேசையில் பூடில் நாய் ஒன்றைத் துவட்டிக்கொண்டிருந்த லோனி சொன்னான். "சம்பளத்துல பிடிப்பாங்களே, ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும், அது வேற. அதுல தள்ளுபடி கிடையாது. முதல் டாலர்லயே கை வைப்பாங்க."

"முன்னாடி இவ்வளவு பிடிக்கலையே?"

"நூத்துக்கு ஏழரை சொச்சம் நீ கட்டின, அதே அளவு நம்ம முதலாளி மார்லிஸ் கட்டினா. உன் சம்பளச் சீட்டுல உன் பாதி மட்டும்தான் தெரிஞ்சிது. போன வருஷம் மணிக்கு ஒரு டாலர் கூடக் கிடைக்குதுன்னு ஊழியர் இல்ல, 'ஒப்பந்தக்காரி'னு கையெழுத்துப் போட்டியே. இப்ப நீதான் முதலாளி, தாயே! ரெண்டு பாதியும் உன் தலையில."

கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்காரி மார்லிஸ் உள்ளே வந்தாள். "கெண்ட்ரா, சனிக்கிழமை எட்டுக்கே வந்துடு. ஹஸ்கிக்கு நான் சொன்ன ஷாம்பூதான் போடணும்."

கெண்ட்ரா போனை மேசையில் வைத்தாள்.

"வரலைன்னா?"

"வேற ஆள் பாத்துக்கறேன்."

வாயைத் திறந்தால் வேலையே போகலாம். ஆனாலும் கெண்ட்ரா கேட்டாள். "நேரம் நீங்க சொல்றீங்க. விலை நீங்க போடறீங்க. கத்தரிகூட உங்களோடதுதான். அப்ப நான் எப்படி முதலாளி ஆவேன்?"

"கையெழுத்துப் போட்டது நீதானே?"

"போட்டேன். ஆனா வேலை மாறலையே மார்லிஸ். காலைல வரித்துறை இணையப் பக்கத்துல படிச்சேன், இப்பத்தான் புரியுது. காகிதத்துல என்ன எழுதியிருக்குங்கறத வச்சு அவங்க முடிவு பண்ண மாட்டாங்களாம். வேலையை யார் நடத்தறாங்கன்னுதான் பாப்பாங்களாம்."

மார்லிஸ் உள்ளறைக்குப் போனாள். வேலையை விட்டுப் போ என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கெண்ட்ரா இரண்டு விண்ணப்பங்களை அனுப்பினாள். ஒன்று, தான் ஊழியரா என்று வரித்துறையே முடிவு செய்யக் கேட்பது. மற்றது, அந்த முடிவு வரும்வரை தன் பாதியை மட்டும் கட்டுவதற்கானது. பதினாலாயிரத்தில் நூற்றுக்கு 7.65 என்றால் 1,071 டாலர்; கையில் இருந்த ஆயிரத்து நூறே போதும். வருமான வரி பூஜ்யம்தான். சம்பள வரியில் ஊழியரின் பாதி அவளுடையது; மறுபாதியை வரித்துறை மார்லிஸிடம் கேட்டுக்கொள்ளும். கார் அவளிடமே இருந்தது.