ஒரு சாண் இறங்கிய விளக்கு

எங்கள் மாடி வீட்டுக் கணவரும் மனைவியும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் உயிரணுக்கள் சாகாமல் இருக்க, நானோ துகள்களால் அவற்றுக்குச் சட்டை போட்டுவிடுவதுதான் வேலை. ஆளுக்கொரு சட்டை கண்டுபிடித்திருந்தார்கள். எது தாங்குகிறதோ, அதைத்தான் ஆய்வகத் தலைவி தேர்ந்தெடுப்பாராம்.

வெயிலுக்குப் பதில் புற ஊதா விளக்கு. முதல் வாரமே மனைவியின் ஈஸ்ட் உயிரணுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கணவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உன் செல்லப் பிள்ளைங்க எப்படி இருக்குதுங்க?" என்று அவர் கேட்கிற கேள்வியில் எங்கள் வீட்டுப் பால் திரிந்துவிடும்.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, விளக்கை ஒரு சாண் கீழே இறக்கிவிட்டார். அவளுடையது ஒழியட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆத்திரத்தில் ஒன்றை மறந்துவிட்டார்: அதே விளக்கின் கீழ்தான் அவருடைய உயிரணுத் தட்டும் இருந்தது.

மறுநாள் அவருடையது பூண்டோடு போயிருந்தது. அவளுடையது அசைந்துகொடுக்கவில்லை. அவ்வளவு கிட்டத்திலும் தாங்கிவிட்டதே என்று தலைவிக்குப் பரம திருப்தி.

நேற்று படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. பெருக்கியது இரண்டாம் தடவை என்பது வேறு விஷயம்.

"விளக்கை இறக்குனது நீங்கதானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே இறக்கலாம்னு இருந்தேன். உங்களது செத்துடுமேன்னு பாவம் பாத்து விட்டுட்டேன்."

அப்புறம் கதவைச் சாத்தியது மட்டும்தான் கேட்டது.